களிம்புப் பச்சை

எங்கள் ஆயாவின் செம்பு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் சாமி அறையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. வியாழக்கிழமை மாலைதோறும் ஆயா அதைப் புளியும் உப்பும் இட்டுத் தேய்த்து, மறுநாள் பூசைக்குப் புதிதுபோல் ஆக்கி வைப்பார். எவ்வளவு தேய்த்தாலும் கழுத்து மடிப்பிலும் அடி விளிம்பிலும், விரல் நுழையாத இடங்களில் ஒரு பச்சை தங்கிவிடும். டர்பனின் கடற்காற்றுக்குச் செம்பின் மினுக்கம் நான்கு நாள் தாங்குவதில்லை. அந்தப் பச்சைக்குக் களிம்பு என்று பெயர் என்பதையும், செம்போடு களிம்பு கூடியிருப்பதுபோல் உயிரோடு ஆணவமலம் என்னும் அழுக்கு கூடியிருக்கிறது என்று சைவ சித்தாந்தம் சொல்வதையும் பின்னாளில் கோயில் வகுப்பில் கற்றேன். மலத்துக்கு உவமையாகச் சொல்லப்பட்ட அந்த நிறம் சிறு வயதிலிருந்தே எனக்குப் பிடித்த நிறம். அதில் பளபளப்பு இல்லை. நீலம் என்றும் சொல்ல முடியாத, இலைப்பச்சை என்றும் சொல்ல முடியாத, சற்றே வெண்மை ஏறிய பச்சை அது.

மண்கலம் வனைகிற எனக்கு, அந்தப் பச்சையை ஓர் அகல்விளக்கின் மேல் கொண்டுவர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அதைச் சோதனையாகத் தொடங்கினேன். இங்கே ஆடி குளிர்காலம். மழை குறைந்து காற்று வறண்டிருப்பதால், பூச்சில் நனைத்த ஓடுகள் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். ஆனால் அதே குளிர்காலத்தில் மின்வெட்டும் கடுமையாக இருந்தது. அட்டவணை போட்டு, ஒவ்வொரு முறையும் 2 மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மின்சூளை வைத்திருப்பவருக்கு அது எத்தகைய தொல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த விடைகளுள் பாதிக்கு அந்த மின்வெட்டே காரணமாக அமைந்தது.

கிளேஸ் என்பது சூளையில் உருகி மண்கலத்தின் மேல் கண்ணாடியாகப் படியும் பூச்சு. தமிழில் அதை மெருகு என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். மெருகு என்ற சொல்லிலேயே பளபளப்பு அடங்கியிருப்பதால், பளபளப்பில்லாத மெருகு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே கிளேஸ் என்றே எழுதுகிறேன், பளபளப்பில்லாததை மேட் கிளேஸ் என்கிறேன். குவாசுலு-நட்டால் என்னும் இந்த மாநிலத்தில் வாழ்பவருக்குப் பளபளக்காத கலம் புதிதன்று. ஜூலுப் பெண்கள் வனையும் உகாம்பா என்னும் பானைக்குக் கிளேஸே கிடையாது. கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, புகையில் கறுக்க வைத்து, கொழுப்புத் தடவித் துடைப்பார்கள். என் கண்ணும் கையும் அந்தப் பானைகளைப் பார்த்தும் தொட்டும் பழகியவை. கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பச்சை எனக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு கிளேஸ் மேட் ஆவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சூடு போதாமல் அரைகுறையாக உருகி நின்றாலும் அது பளபளக்காது. களிமண் தரும் அலுமினா மிகுந்திருந்தாலும் பளபளப்பு அடங்கும். நன்றாக உருகிய பிறகு, ஆறும்போது அதன் முகப்பில் நுண்ணிய படிகங்கள் வளர்ந்தாலும் பளபளப்பு மறையும். இந்த மூன்றாவது வகைதான் நான் தேடியது. நெய் உருக்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உருக்கிய நெய்யை அடுப்படியிலேயே வைத்து மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறையும், சட்டென்று குளிர வைத்தால் வழவழவென்று உறைந்துவிடும். நெய் ஒன்றுதான், உறையும் வேகம் மட்டுமே வேறு. கிளேஸிலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கலவை மெல்ல ஆறினால் அதில் கால்சியம் சிலிக்கேட் படிகங்கள் வளரும், அவை ஒளியைச் சிதறடிக்கும்.

பேரியம் கார்பனேட் சேர்த்தால் செம்பு மிக அழகான நீலப்பச்சையைத் தரும், மேட் தன்மையும் எளிதில் வரும். ஆனால் அது எலி மருந்தாகப் பயன்பட்ட நஞ்சு. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டின் பின்கட்டில் வேலை செய்கிற நான் அதை வாங்குவதில்லை. டோலமைட், மாக்கல் ஆகியவை தரும் மக்னீசியம் மேட் கையில் தொடுவதற்கு வெண்ணெய்போல் இருக்கும், ஆனால் செம்பின் பச்சை அதில் சாம்பல் பூத்துவிடுகிறது. ஆகவே சுண்ணாம்பையே நம்பினேன்.

பெல்ட்ஸ்பார் என்னும் கல்தூளில் சாதாரண பொட்டாசியம் வகை 40, ஃபிரிட் என்னும், முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடித்தூளில் போரான் சத்துள்ள கால்சியம் வகை 16, சுண்ணாம்புத்தூள் 19, கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் 25 என்ற எடைக் கணக்கில் நூறு பங்கு எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அடிப்படையான சிலிக்காவைத் தனியாகச் சேர்க்கவில்லை. இதைத் தராசில் தொடுவதற்கு முன்பே தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். சிலிக்காவுக்கும் அலுமினாவுக்கும் உள்ள மூலக்கூற்று விகிதம் ஏறத்தாழ 4.6க்கு 1 என்று வந்தது. இந்த விகிதம் 5க்குக் கீழே இறங்கினால் கிளேஸ் மேட் பக்கம் சாயும் என்பது 1912இல் ஆர். டி. ஸ்டல் வெளியிட்ட வரைபடத்திலிருந்து குயவர்கள் கைக்கொண்ட கணக்கு. அவர் சோதித்தது இதைவிட உயர்ந்த சூட்டில் என்றாலும், நான் சுடுகிற கோன் 6இலும் (கோன் என்பது குறித்த சூட்டில் வளைந்து அளவு காட்டும் சிறு கூம்பு), அதாவது சுமார் 1222 டிகிரி செல்சியஸிலும், அந்தக் கணக்கு வழிகாட்டுவதாகவே கண்டிருக்கிறேன்.

நிறத்துக்குச் செம்புக் கார்பனேட். மலாக்கைட் என்னும் பச்சைக் கல்லும் களிம்பும் இந்தப் பொருளுக்கு மிக நெருங்கிய உறவு. ஆயாவின் செம்பில் இருந்த பச்சையைத் தூளாக வாங்கி வந்து மண்ணில் பூசுகிறேன் என்று நினைத்தபோது, பையைப் பிரித்த கை சற்று நின்றது. இந்த நாட்டுக்கும் செம்புக்கும் உள்ள உறவும் பழையது. வடக்கே லிம்போப்போ மாநிலத்தின் பலபோர்வா வட்டாரத்து மக்கள் நவீனச் சுரங்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு செம்பு உருக்கியிருக்கிறார்கள். 1685இல், அப்போது கேப் குடியேற்றத்தின் தலைவராக இருந்து பின்னாளில் ஆளுநரான சைமன் வான் டெர் ஸ்டெல், வடமேற்கே உள்ள நமாக்குவாலாந்தின் செம்பு மலையைத் தேடி நெடும்பயணம் போனார். செம்பு ஆக்சைடைவிடக் கார்பனேட் மென்மையான தூள் என்பதால் புள்ளி விழாமல் கலக்கிறது. ஆனால் சூட்டில் அதன் எடையில் கால் பங்குக்கு மேல் ஆவியாகிப் போய்விடும் என்பதால், 100 கிராம் கார்பனேட்டுக்கு 72 கிராம் ஆக்சைடுதான் ஈடு. ஒருவருடைய குறிப்பில் உள்ள எண்ணைப் பார்த்துச் செய்பவர்கள் இரண்டில் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. எதுவானாலும் தூளை அளக்கும்போது முகமூடி கட்டாயம். மேசையை உலர்ந்த துணியால் தட்டக் கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

ஒவ்வொரு சதவீதத்துக்கும் தனித்தனியாகக் கலவை நிறுத்துக் கலக்கினால் பிழை நேரும். அதனால் இரண்டு வாளிகள் மட்டும் கலக்கினேன். ஒன்றில் செம்பே இல்லை, மற்றொன்றில் 6 சதவீதம். இரண்டையும் 80 கண் சல்லடையில் இருமுறை வடித்து, 100 மில்லி அளந்தால் 145 கிராம் நிற்கும்படி தண்ணீரைச் சரிசெய்தேன். அடர்த்தி ஒன்றாகிவிட்டால் பிறகு தராசு வேண்டியதில்லை, மருந்து ஏற்றும் ஊசிக்குழல் போதும். செம்பில்லாததில் 50 மில்லியும் செம்புள்ளதில் 10 மில்லியும் சேர்த்தால் 1 சதவீதம், 40க்கு 20 என்றால் 2 சதவீதம் என்று 5 வரை வந்துவிடும். சோதனை ஓடுகளுக்கு, அடியோரம் மட்டும் உள்ள ஒரு பெரிய வளையத்தைச் சக்கரத்தில் வனைந்து, அது பதமானதும் குறுக்கே துண்டு துண்டாக வெட்டினேன். அப்படி வெட்டிய துண்டு தன் காலில் தானே நிற்கும். கிளேஸ் வழிகிறதா என்பதைப் படுத்திருக்கும் வில்லை காட்டாது, நிற்கும் ஓடுதான் காட்டும். ஒவ்வொன்றிலும் சீப்பால் நான்கு கீறல் இட்டு, மேல் பாதியை மட்டும் இரண்டாம் முறை நனைத்தேன். வெள்ளை மண்ணில் 7, இரும்பு கலந்த சிவப்பு மண்ணில் 7, ஆக 14 ஓடுகள்.

முதல் சூளை ஒரு வியாழக்கிழமை. இரவு 8 மணிக்கு மின்சாரம் நிற்கும் என்று அட்டவணை சொன்னது, 7.45க்குள் உச்சச் சூடு எட்டிவிடும் என்று என் கணக்கு சொன்னது. 8 மணி அடித்தபோது காட்டி 1174இல் நின்றது. மீண்டும் மின்சாரம் வந்தபோது இரவு 10 மணி ஆகிவிட்டதால், மறுபடி ஏற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் திறந்தபோது, உள்ளே வைத்திருந்த மூன்று கோன்களில் 5ஆம் எண் மட்டும் சற்றே தலை சாய்த்திருந்தது, 6உம் 7உம் நிமிர்ந்து நின்றன.

ஓடுகளோ கண்ணைப் பறித்தன. செம்பில்லாத ஓடு சுண்ணாம்புச் சுவர்போல் வெள்ளை. 1 சதவீதத்தில் தொடங்கி 6 வரை பச்சை படிப்படியாக இறங்கியது. ஒன்றில்கூடத் துளி மினுக்கம் இல்லை. 4 சதவீத ஓடு நான் தேடிய களிம்புக்கு மிக அருகில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தை அதைக் கையில் எடுத்து, சன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த நிறத்துல பத்துக் கிண்ணம் செஞ்சு கொடு கண்ணு. அம்மனுக்குக் கூழ் ஊத்தும்போது எடுத்துக்கிட்டுப் போறேன்.”

“கொஞ்சம் பொறுங்க அத்தை. புளிப்பு இதுக்கு ஒத்துக்குதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்.”

அவர் போன பிறகு மென்மையான பென்சிலால் அந்த ஓட்டில் ஒரு கோடு இழுத்தேன். கோடு கரும்பலகையில் விழுந்ததுபோல் ஆழமாகப் பதிந்தது, ரப்பரால் தேய்த்தும் சாம்பல் நிறமாகத் தங்கியது. எஃகுக் கரண்டியின் முனை பட்ட இடத்தில் ஒரு வெள்ளிக் கோடு விழுந்தது. பிறகு ஒரு எலுமிச்சை வில்லையை அதன்மேல் ஒட்டி இரவு முழுவதும் விட்டேன். காலையில் வில்லையை எடுத்தபோது, அது இருந்த இடத்தில் அதே வட்டமாக, நடுக்கீற்றுகளின் அடையாளம்கூடத் தெரியும்படி, பச்சை வெளுத்துப் போயிருந்தது. உருகாமல் ஒட்டிக்கொண்டிருந்த தூளைத்தான் நான் மேட் என்று கொண்டாடியிருக்கிறேன். கடைகளில் விற்கும் சில கலங்களிலும் இத்தகைய வேகாத மேட்டைக் காண்கிறேன். கண்ணுக்கு இது நன்றாக இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இரண்டாவது சூளைக்கு அதேபோல் 14 புது ஓடுகளை நனைத்து, அதிகாலை 4 மணிக்கே ஏற்றினேன். பிற்பகலில் கோன் 6 அழகாக வளைந்து முனை தரையைத் தொட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் மின்சாரம் நின்றது. சூடு எட்டியாயிற்று, இனி ஆறத்தானே வேண்டும் என்று நான் கவலைப்படவில்லை. என் சூளை சிறியது, செங்கல் சுவரும் மெல்லியது. 2 மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது காட்டியில் 850க்குச் சற்று மேல்தான் இருந்தது. மறுநாள் திறந்தால் 14 ஓடுகளும் பளபளத்தன. கண்ணாடிப் பளபளப்பு அன்று, மழையில் நனைந்த வாழையிலைபோல் ஒரு வழவழப்பு. நிறமும் ஆழமாகி, பாசிப்பச்சையாக இருந்தது. பென்சில் கோடு ஒரே துடைப்பில் போனது, கரண்டி அடையாளம் விடவில்லை. கிளேஸ் சரியாக வெந்துவிட்டது, ஆனால் களிம்பைக் காணவில்லை.

கலவை ஒன்று, உச்சச் சூடும் சரி. தவறியது ஆறிய வேகம் மட்டுமே. படிகம் வளர வேண்டிய சூட்டு எல்லையை, 1040இலிருந்து 760 வரையுள்ள இடைவெளியை, என் சூளை மின்சாரமில்லாமல் ஓட்டமாகக் கடந்துவிட்டது. மூன்றாவது சூளைக்கு, உச்சம் தொட்ட பின் 1040 வரை தானாக இறங்கவிட்டு, அங்கிருந்து 760 வரை மணிக்கு 80 டிகிரி மட்டுமே இறங்கும்படி கட்டுப்பாட்டுக் கருவியில் எழுதினேன். அந்த இறக்கத்துக்கு மட்டும் மூன்றரை மணி நேரம் ஆகும், அந்த மூன்றரை மணி நேரமும் மின்சாரம் இருக்க வேண்டும். அட்டவணையை எதிரில் விரித்து வைத்து, பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, இரவு 11 மணிக்கு ஏற்றத் தொடங்கினேன். ஏறும் வழியில் ஒரு மின்வெட்டு வந்தாலும் பாதகமில்லை, கோன் வளைவதைப் பார்த்து உச்சத்தைச் சரிசெய்துகொள்ளலாம். இறங்கும் வழியில் வரக் கூடாது என்பதே நான் கற்ற பாடம்.

அந்தச் சூளையைத் திறந்த காலையை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். செம்பில்லாத ஓடு முட்டை ஓடுபோல் இருந்தது. 1 சதவீதம், வெண்டைக்காயின் உட்புறம்போல் வெளிர் பச்சை. 2, 3 ஆகியவை நல்ல பச்சை, கீறல்களின் விளிம்பில் மட்டும் மெலிந்து வெளுத்திருந்தன. 4 சதவீதத்தில் களிம்பு வந்தேவிட்டது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று எதுவும் அடிக்கவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தபோது, முகப்பு முழுவதும் நெய் உறைந்ததுபோல் நுண்மணல். தொட்டால் சொரசொரப்பு இல்லை, முட்டையைத் தொடுவது போலத்தான் இருந்தது. பென்சில் கோடு இதிலும் விழுந்தது, ஆனால் சவர்க்காரத்தில் போய்விட்டது.

5 சதவீதத்திலிருந்து வேறொன்று நடந்தது. செம்பு நிறம் மட்டும் தருவதில்லை, அது உருக்கியும்கூட. அதைக் கூட்டக் கூட்டக் கிளேஸ் இளகி, நிற்கும் ஓட்டில் அடி நோக்கிக் கால் விரல் நீளத்துக்கு வழிந்திருந்தது. 5இல் மேட் தன்மை குறைந்தது. 6இல், கிளேஸுக்குள் கரைந்து நிற்க முடியாத மிகைச் செம்பு மெல்ல ஆறும்போது முகப்பில் வெளியேறி, இரட்டை நனைப்பான மேல் பாதி முழுவதும் கறுத்து, துப்பாக்கி உலோகம்போல் ஒரு மினுக்கம் காட்டியது. மேட் வேண்டும் என்று மெல்ல ஆறவிடுவதே மிகைச் செம்பைக் கறுக்க வைக்கிறது என்பதால், இந்த இரண்டும் ஒத்துப்போகும் இடம் குறுகலானது. எனக்கு அது மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் அமைந்தது. சிவப்பு மண்ணில் எல்லாமே ஒரு படி மங்கிப் பழுப்பேறின. மண்ணில் உள்ள இரும்பு மேலே கசிந்து பச்சையைக் கெடுத்துவிடுகிறது. வெள்ளை மண்ணே போதும் என்று அந்த ஏழு ஓடுகளை எடுத்து வைத்துவிட்டேன். நம் மாநிலத்து ரிச்சர்ட்ஸ் பே கடற்கரை மணலிலிருந்து எடுக்கப்படும் ரூட்டைல் என்னும் டைட்டானியத் தாது 2 சதவீதம் சேர்த்தும் ஓர் ஓடு செய்தேன். மஞ்சள் ஓடி அழகான பாசி வந்தது, ஆனால் அது குளத்துப் பாசி, செம்புக் களிம்பு அன்று.

இனி அத்தையின் கிண்ணம். நன்றாக வெந்த இந்த ஓடுகளையும் பாதி மூழ்கும்படி வெள்ளை வினிகரில் மூன்று நாள் நிற்க வைத்தேன். 6 சதவீத ஓட்டில் வினிகர் நின்ற மட்டம் வரை ஒரு கோடு, அதன் கீழே தெளிவாக வெளுப்பு. 4 சதவீத ஓட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கோடு தெரிந்தது. 2 சதவீத ஓட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாததால் எதுவும் கரையவில்லை என்று ஆகிவிடாது. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த அளவுக்குச் செம்பு கரைந்தாலும் தண்ணீரின் நிறத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. உணவுக் கலங்களுக்கான ஐஎஸ்ஓ 6486 என்னும் சோதனை முறை ஈயத்தையும் காட்மியத்தையும் மட்டுமே அளக்கிறது. அதில் தேறிய கலம் என்ற ஒரு காரணத்தால் செம்பு கசியாது என்று கொள்ள முடியாது. மேட் கிளேஸில் சிலிக்கா குறைவு, முகப்பில் படிகம் மிகுதி, அதில் செம்பும் சேர்ந்தால் புளிப்பைத் தாங்கும் வலிமை மேலும் குறையும். கூழோ புளித்த மாவில் காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்து, கிண்ணத்தில் மணிக்கணக்கில் நிற்கும் உணவு.

இதை அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். ஓடுகளை மேசையில் வைத்து, வினிகர் கோட்டைக் காட்டியதும் அவரே சொல்லிவிட்டார்.

“எங்கம்மா செம்புல மோர் ஊத்தவே விட மாட்டாங்க. வெள்ளீயம் பூசின பாத்திரமா இருந்தாத்தான் புளிக்குழம்பு வைப்பாங்க. அதுதானே இதுவும்?”

அதுதான் இதுவும். புளி களிம்பைத் தின்னும் என்பதால்தான் ஆயா புளியை வைத்துச் செம்பைத் துலக்கினார், அதே காரணத்தால்தான் புளிப்பைச் செம்பில் வைக்க மறுத்தார். அத்தைக்குப் பத்துக் கிண்ணங்களையும் செம்பில்லாத, நன்கு உருகிய வெள்ளைப் பளபளப்புக் கிளேஸில் செய்து கொடுத்தேன். கிண்ணத்தின் வெளிப்புறத்திலாவது பச்சை வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். உதடு படும் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கிடை இறக்கி வைத்தால் பூச்சாடியைப் போல அதையும் செய்யலாம். ஆனால் சுத்தம் செய்பவர் எலுமிச்சைத் தோலால் தேய்ப்பார் என்று தெரிந்த வீட்டுக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன்.

அகல்விளக்குக்கு இந்தத் தடை எதுவும் இல்லை, வேறு சிக்கல்கள் இருந்தன. மேட் முகப்பில் நல்லெண்ணெய் பட்டால் நுண்மணலுக்கிடையே தங்கி, பச்சை கருமையாகி, எவ்வளவு கழுவினாலும் ஒரு நிழல் நிற்கிறது. திரி எரியும் மூக்கில் கரி படிந்தால் அதைவிட மோசம். ஆகவே விளக்கின் குழியிலும் மூக்கிலும் நிறமற்ற பளபளப்புக் கிளேஸ், வெளிப்புறம் மட்டும் களிம்பு என்று பிரித்தேன். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் செம்பு உள்ளே சற்றுக் கசிந்து ஒரு மெல்லிய பச்சை இழை ஓடுகிறது. அதை மாற்ற முயலவில்லை, கரை வைத்த வேட்டிபோல் அதுவே நன்றாக இருந்தது.

மூக்குக்காக மண்ணைக் கிள்ளிய மடிப்பில் கிளேஸ் தடித்து நின்று, காயும்போதே நத்தை ஓடுபோல் வெடித்து, சூளையில் சுருண்டு, வெறும் மண் தெரிந்தது. கலவையில் 25 பங்கு கயோலின் இருப்பதுதான் காரணம், களிமண் காயும்போது சுருங்கும். அதில் பாதியை, முன்பே சூளையில் சுட்டு எடுத்த கயோலினாக மாற்றினேன். சுடும்போது அது எடையில் 14 சதவீதம் இழப்பதால், பன்னிரண்டரைக்குப் பதில் 11 பங்கு போட்டால் சரியாக இருந்தது. அதன் பிறகு சுருளவில்லை.

இன்னும் ஒன்று. செம்பு இந்தச் சூட்டில் கொஞ்சம் ஆவியாகும். ஓடுகள் நின்ற சூளைத் தட்டில் பச்சை வளையங்கள் பதிந்திருந்தன, அருகில் இருந்த ஒரு வெள்ளைக் குவளையின் ஒரு கன்னத்தில் பச்சைச் சாயல் ஏறியிருந்தது. ஆகவே செம்பு விளக்குகளுக்கென்று ஒரு தட்டை ஒதுக்கிவிட்டேன், கூழ்க் கிண்ணங்களை அவற்றோடு ஒரே சூளையில் ஏற்றுவதில்லை. வாளி கழுவிய தண்ணீரையும் சாக்கடையில் கொட்டுவதில்லை. எங்கள் தெருவின் மழைநீர் உம்லாதுசானா ஆற்றுக்குத்தான் இறங்குகிறது, கரைந்த செம்பு மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நஞ்சு. தெளிய வைத்து, அடியில் நிற்கும் வண்டலை உடைந்த கிண்ணம் ஒன்றில் காய வைத்து, அடுத்த சூளையில் உருக்கிக் கல்லாக்கிவிடுகிறேன்.

கார்த்திகைக்கு 36 விளக்குகள் செய்தேன். கார்த்திகை இங்கே கோடை, மழையும் புழுக்கமும். மண் காய்வதற்கே ஒரு வாரம் கூடுதலாக ஆனது. மேல் தட்டில் வைத்தவை சரியாக வந்தன, அடித்தட்டின் ஓரத்தில் வைத்த ஐந்து மட்டும் விரைவில் ஆறி லேசாக மினுங்கின. தீபத்தன்று மாலை அவற்றுள் ஒன்றை ஆயாவின் செம்புக்குப் பக்கத்தில் வைத்து, விளக்கொளியில் அல்லாமல், மறுநாள் காலை வாசல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். செம்பின் கழுத்து மடிப்பில் உள்ள களிம்பு என் பச்சையைவிட ஓர் இழை நீலம் கூடியது. அத்தையும் அப்படித்தான் சொன்னார்.

கிளேஸில் சோடா மிகுந்தால் செம்பு நீலம் பக்கம் போகும். ஆகவே பெல்ட்ஸ்பார் 40இல் முதலில் 10, பிறகு 20, பிறகு 30 என்று எடுத்துவிட்டு, சோடா அதிகமுள்ள நெஃபிலின் சயெனைட் என்னும் கல்தூளை அந்த இடத்தில் வைத்து மூன்று ஓடுகள் நனைத்திருக்கிறேன். அதில் அலுமினாவும் கூடுதல் என்பதால் விகிதம் இன்னும் கீழே இறங்கும். வழிகிறதா, நுண்மணல் நிற்கிறதா, வினிகர் கோடு இன்னும் ஆழமாகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்று ஓடுகளின் அடியிலும் எண்ணைக் கீறியாயிற்று. செம்புக்கென்று ஒதுக்கிய தட்டில், நடுவில், சுவர் ஓரத்திலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன்.